தட்டு மாற்றியவள்

கருப்பம்மாள் தன் மருமகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததைப் பற்றி ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசினார்கள். பாரத்தைத் தள்ளிவிட்டாள் என்றார்கள் சிலர். அந்தப் பெண் கிழவியை நன்றாக மயக்கிவிட்டாள் என்றார்கள் வேறு சிலர். அப்போது கருப்பம்மாளுக்கு நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயது இருக்கும். கிழவி இல்லை. மயங்கவும் இல்லை. நடந்தது இதுதான்.

அவளுக்கும் அவள் புருஷன் ஐயாவுக்கும் ஒரே பிள்ளை, பத்துமலை. கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். எண்பதாம் ஆண்டில் மேற்குப் பக்கத்து ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு செம்பனை நடப் போகிறார்கள் என்று குத்தகைக்காரன் ஒருவன் ஆள் எடுத்தான். மரத்தைக் கீறிப் பால் வெட்டுவதைவிடக் கூலி கூட என்று பத்துமலை போனான். புரட்டாசி மாதம் ஒரு காலையில் மரம் ஒன்று விழவேண்டிய பக்கம் விழாமல் அடியில் சுழன்று வேறு பக்கம் விழுந்தது. அவனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் சுங்காயிலிருந்து அவன் பெண்டாட்டி நல்லம்மாளின் சின்னம்மா வந்தாள். நல்லம்மாளுக்குத் தாய் இல்லை. தகப்பனுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு. வேலை பெர்மிட் கிடைக்காமல் எழுபதில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர், இரண்டு கடிதத்தோடு நின்றுவிட்டார். வளர்த்தது அந்தச் சின்னம்மாதான். அவளுக்கே ஆறு பிள்ளைகள்.

"பொட்டிய எடுடி, போலாம்" என்றாள் சின்னம்மா. அழைப்பது கடமைக்கு என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

நல்லம்மாள் பெட்டியை எடுக்கவில்லை. "நான் இங்கயே இருந்துக்கிறேன் சின்னம்மா. அத்தைக்கு நிரையில தொணைக்கு ஆள் இல்ல" என்றாள்.

அன்று முதல் மாமியாரும் மருமகளும் ரப்பர் மர வரிசைகளில், அடுத்தடுத்த நிரைகளில், பால் வெட்டினார்கள். பால் வெட்டப் போகும் பெண்கள் கைலிக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். பத்துமலையின் சட்டைகள் ஐந்து இருந்தன. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் கேட்கவில்லை. ஒருத்தி துவைத்துக் காயப்போட்டதை இன்னொருத்தி எடுத்துப் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். மேற்குப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பதையும் அப்படித்தான் இருவரும் பேசிக்கொள்ளாமலேயே பழகிக்கொண்டார்கள்.

முதல் தெவசத்துக்கு முன்னால் மகன் சமாதிக்குக் கல் வைக்கவேண்டும் என்றார் ஐயாவு. அவர் அதிகம் பேசமாட்டார். தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஈப்போ போனார்கள்.

டவுனுக்குள் நுழைவதற்கு முன்பே, சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், சீனர் ஒருவரின் கல்லுக்கடை இருந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூசி. கடை முதலாளி தவுக்கே இவர்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "சிவம்!" என்று சத்தம் போட்டார். கண்ணிமையெல்லாம் வெளுத்துப்போய் ஒருவன் எழுந்து வந்தான். தமிழ் எழுத்து வெட்டுவதற்கென்றே அங்கே வேலைக்கு இருந்தவன். சதாசிவம் என்று பெயர். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும்.

ஐயாவு பெயரைச் சொன்னார். அவன் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கண்ணே. மிசின் சத்தத்துல எடது காது போயிருச்சு."

"பத்துமலை."

அவன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். "பழைய லையா, புது லையா? இப்ப சில பேரு புது மாதிரி எழுதச் சொல்றாங்க. தும்பிக்கை இல்லாம."

ஐயாவும் கருப்பம்மாளும் விழித்தார்கள். எழுத்துக்கும் அவர்களுக்கும் வெகுதூரம். நல்லம்மாள்தான், அதுவரை வாய் திறக்காதவள், "அவரு பழைய லைதான் போடுவாரு" என்றாள். மடியிலிருந்து சின்னத் துணிப்பையை எடுத்து, அதிலிருந்து பத்துமலையின் தொழிற்சங்கக் கார்டை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் அவன் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தில் அந்தத் தும்பிக்கை, தேவைக்கு மேல் உயரமாக வளைந்து, பெயருக்கே குடை பிடித்த மாதிரி இருந்தது.

சதாசிவம் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அதை வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். "நல்ல கை. இதையே பாத்து வெட்டிடுறேன்" என்றான். பிறகு, "கீழ யாரு யாரு பேரு வரணும்?"

"அப்பா ஐயாவு. அம்மா கருப்பம்மாள். சம்சாரம் நல்லம்மாள்" என்றார் ஐயாவு.

"சம்சாரம் வரலீங்களா?"

"நான்தான்" என்றாள் நல்லம்மாள்.

அவன் பென்சில் நின்றது. "நான் கூடப் பொறந்தவங்கன்னு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், காகிதத்தில் குனிந்துகொண்டான்.

கிளம்பும்போது கருப்பம்மாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவன் குடையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தயங்கினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பிள்ளைக்கு ரொம்பச் சின்ன வயசா இருக்கு. அது பேரு கல்லுல வேணுமா? வெட்டிட்டா அழிக்க முடியாதுலா."

"நீ வெட்டுற வேலைய மட்டும் பாரு தம்பி" என்றாள் கருப்பம்மாள். குடையை வெடுக்கென்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள். தன் மகனிடமிருந்து எதையோ பிடுங்கப் பார்க்கிறான் இந்த ஆள் என்று பஸ்ஸில் கோப்பெங் வரும்வரை மனத்துக்குள் ஏசிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் நல்லம்மாள் சங்கக் கார்டை மறுபடியும் பையில் வைத்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

தெவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் லாரியில் கல்லைக் கொண்டுவந்து அவனே நட்டுவிட்டுப் போனான். மூன்று பெயரும் அதில் இருந்தன. கார்த்திகையில் அடைமழை. புதைத்த மண் உள்வாங்கிக் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஐயாவு கடைக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறு சதாசிவம் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஐயாவும் அவனும் அரை நாள் மண் கொட்டி இடித்து நிமிர்த்தினார்கள். பசிநேரத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவராமல் அனுப்ப முடியுமா? வந்தான். சாப்பிட்டான். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டான்.

"கல்லு சாஞ்சா அது என் வேலையோட குத்தம்ணே."

இரண்டு வாரம் கழித்து, மண் மறுபடி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று வந்தான். அதற்கப்புறம் காரணம் சொல்லாமலேயே வந்தான். ஐயாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. மகன் போனபிறகு அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியது அவனிடம்தான். ஈப்போவிலேயே புந்தோங்கில் வாடகை அறையில் இருப்பதாகவும், படுக்கையில் கிடந்த தாயை ஒன்பது வருடம் பார்த்து, போன வருடம்தான் அடக்கம் செய்ததாகவும், அக்கா ஒருத்தியை லூமுட்டில் கட்டிக்கொடுத்திருப்பதாகவும் அவன் சொன்னான். தாய்க்குக் கல் வைத்துவிட்டாயா என்று ஐயாவு கேட்டார். "இன்னும் இல்லண்ணே. மத்தவங்களுக்கு வெட்டிடுறேன். அம்மாவுக்குன்னு உக்காந்தா கை வரமாட்டேங்குது" என்றான்.

கருப்பம்மாள் கண்டுபிடித்தது மாசி மாதத்தில். அதற்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். நல்லம்மாள் அடுப்படியிலிருந்து மரவள்ளிக்கிழங்குத் தட்டோடு வந்தாள். அவனுக்கு இடது பக்கம்தான் கிட்டே. தட்டை அங்கேயே வைத்திருக்கலாம். அவள் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்று, "உப்புப் போதுமான்னு பாருங்க" என்றாள். மெல்லப் பேசுகிறவள், குரலை உயர்த்தவில்லை. அவன் "போதும்" என்றான். தலையைத் திருப்பவில்லை, வாயைப் பார்க்கவில்லை. அந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவனுக்கும் பழகிப்போயிருந்தது.

கருப்பம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை தடவை அப்படிச் சுற்றிப் போயிருப்பாள்? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

அடுத்த முறை அவன் வந்தபோது தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் முனையிலேயே போய் நின்றாள். அவன் மோட்டாரை நிறுத்தினான். அவள் வலது பக்கமாகப் போய் நின்றுதான் சொன்னாள். அப்படி நின்றுவிட்டதை நினைத்து அப்புறம் எரிச்சல்பட்டாள்.

"கல்லு நேரா இருக்கு தம்பி. இனிமே நீ வரவேண்டியதில்ல."

அவனுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. "சரிக்கா" என்றான். மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டு வாசலிலிருந்து நல்லம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவி வைத்திருந்த நாலாவது குவளையை எடுத்து அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் வழக்கம்போல நிரைக்கு வந்தாள், வழக்கம்போல வெட்டினாள், பால் எடையும் குறையவில்லை. ஐயாவு இரண்டு ஞாயிறு, "எங்க அந்தப் பையனைக் காணோம்?" என்றார். "வேலை இருக்கும்" என்றாள் கருப்பம்மாள்.

இதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் மரத்துக்கு மரம் நடக்கும்போது பக்கத்து நிரையில் அந்தப் பெண்ணின் முதுகு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பத்துமலையின் நீலச் சட்டைக்குள் இருபத்து மூன்று வயது முதுகு. அது ஒரு நாள் தன் முதுகு மாதிரி வளைந்துபோகும்வரை இப்படியே மரத்துக்கு மரம் போகுமா? போகும். ஒரு வார்த்தை சொல்லாமல் போகும். அதுதான் கருப்பம்மாளைத் தின்றது.

ஆடியில் ஒரு மாலை வீட்டில் அவளைக் காணவில்லை. இடுகாட்டுப் பக்கம் போனாள் என்றார்கள். கருப்பம்மாள் தேடிக்கொண்டு போனாள். நல்லம்மாள் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கல்லைக் கழுவி முடித்திருந்தாள். தரையில் உட்கார்ந்து, எழுத்துக்களில் படிந்திருந்த பாசியை விரல்நுனியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, வளைவு வளைவாக. கடைசி எழுத்தின் தும்பிக்கைக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

கருப்பம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த விரலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"யாரை நெனச்சுக்கிட்டுத் தடவுற?"

ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டபின் பதில் வராமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

நல்லம்மாள் விரலை எடுக்கவில்லை. "தெரியல அத்தை" என்றாள். "சத்தியமாத் தெரியல. மொதல்ல அவருதான். எழுத்து அவரோடதுதானே. அப்புறம் இதை வெட்டின கை ஞாபகம் வருது. அது தப்புன்னு மறுபடி அவரை நெனைக்கிறேன். ரெண்டும் கலந்து போகுது அத்தை. நான் மோசமானவளா?"

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படி வாய்விட்டு அழுது கருப்பம்மாள் பார்த்ததில்லை. மகன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அவன் பெண்டாட்டி இன்னொருத்தனுக்காகவும் சேர்த்து அழுவதை முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்கத் தனக்கும் வந்தது.

"அவனை வந்து கேக்கச் சொன்னா?"

"வேணாம். நான் போயிட்டா உங்ககூட நிரைக்கு யாரு வருவா?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

ஐயாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டார்.

"அவன் போயி ரெண்டு வருசம் ஆகல. அவன் பொண்டாட்டிக்கு மாப்பிள்ளை பாக்கிறியா? அது பேரு அங்க கல்லுல இருக்குடி."

"இருக்கட்டும். நம்ம பேரும்தான் இருக்கு. நாம சாப்பிடாமயா இருக்கோம்?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப்பிறகு நாலைந்து மாதம், சோறு, தண்ணீர், மருந்து என்று வேண்டியதற்கு மட்டும்தான் அவளிடம் பேசினார். நல்லம்மாளிடம் அதுவும் இல்லை. அவள் பரிமாறினால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

கருப்பம்மாள் தீபாவளி கழிந்து ஒரு நாள் தனியாக ஈப்போ போனாள். கல்லுக்கடையில் சதாசிவம் அவளைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். மறுபடி ஏச வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"என் மருமகளைக் கட்டிக்கிறியா?"

அவன் காதில் விழவில்லையோ என்று திரும்பவும் சொல்லப் போனாள். "கேட்டுச்சுக்கா" என்றான். பெரிய கல் ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "நானே வந்து கேட்டிருக்கணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? செத்தவரு பேரை வெட்டிக் கூலி வாங்கினேன். அவரு வீட்டுலயே சோறு சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டு அவரு சம்சாரத்தையே... நீங்க அன்னிக்கு வராதேன்னு சொன்னது நியாயம்தான்."

"நியாயம்தான். இப்பச் சொல்றதும் நியாயம்தான்."

"அண்ணே என்ன சொன்னாரு?"

"அவரு சொல்லமாட்டாரு. அதுக்காக நிக்க முடியாது."

அவன் உளியை எடுத்துக் கையில் புரட்டினான். அவள் சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவ எப்பவாச்சும் எம்மகன் பேச்சை எடுப்பா. ஏழு மாசம் வாழ்ந்திருக்கா. எடுத்தா நீ மொகத்தைத் திருப்பக் கூடாது."

"திருப்பமாட்டேன்க்கா. நானும் அவரை விசாரிச்சிருக்கேன். எப்படிச் சிரிப்பாரு, என்ன பாட்டுப் பாடுவாருன்னு எல்லாம் அதுகிட்ட கேட்டிருக்கேன். அப்படித்தான் எங்களுக்குப் பேச்சே ஆரம்பிச்சுது."

கருப்பம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முதுகுக்குப் பின்னால் பேசியது அவள் மகனைப் பற்றியா! தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே, அவன் எப்படிச் சிரிப்பான் என்று.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நிச்சயம் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கருப்பம்மாள் வீட்டை மெழுகிக் கழுவிக்கொண்டிருந்தபோது ஐயாவு பின்கட்டில் நின்றபடி கேட்டார்.

"அவன் நல்லவன்தானே?"

"நல்லவன்தான். உங்களுக்குத் தெரியாததா?"

"அதான்டி எனக்கு முடியல. மோசமானவனா இருந்தா வேணாம்னு சொல்லித் தொரத்தியிருப்பேன். எல்லாரும் சரின்னுவாங்க. இவனை என்னன்னு சொல்லித் தொரத்துறது?" தூணில் கையை ஊன்றிக்கொண்டார். "எம்மவனுக்கு இனிமே யாருமே இல்லடி. புள்ள இல்ல, பொண்டாட்டியும் இல்லைன்னு ஆவப் போவுது. நாளைக்கு நான் இங்க இருக்கமாட்டேன். என்னை எதிர்பாக்காதே."

அவள் ஈரத் துணியைப் பிழிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

மறுநாள் விடிந்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினொரு மணிக்கு சதாசிவமும் அவன் அக்காவும் அக்காள் புருஷனும் வாடகைக் காரில் வந்தார்கள். சுங்காயிலிருந்து சின்னம்மா வந்திருந்தாள். அடுத்த வீட்டுப் பிச்சைமுத்துக் கங்காணி, பெரியவர் என்று கூப்பிட்டதால் வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். லயத்துப் பெண்கள் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள்; உள்ளே வரவில்லை.

சதாசிவத்தின் அக்கா நல்ல மாதிரிதான். ஆனால் முறை தெரிந்தவள். தட்டில் புடவை, பழம், வெற்றிலை, பூ எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பொண்ணுக்கு அப்பா ஸ்தானத்துல தட்டு மாத்துறது யாரு?"

எல்லோரும் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஐயாவு இல்லாம அவன் வீட்டுல நான் கை நீட்டுனா நல்லா இருக்காதும்மா. நாளைக்கு அவன் மொகத்துல நான் முழிக்கணும்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நல்லம்மாள் அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவு ஓரத்தில் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன.

கருப்பம்மாள் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"நான் மாத்துறேன்."

"ஆம்பள யாரும்..." என்றாள் சதாசிவத்தின் அக்கா.

"பெத்தவ நான் இல்லம்மா. ஆனா இன்னிக்குக் குடுக்கிறவ நான்தான். இந்த வீட்டுல அவளைக் குடுக்கிறதுக்கு வேற யாருக்கு இருக்கு உரிமை?"

அக்காள் புருஷன் தன் பெண்டாட்டியைப் பார்த்தார். சதாசிவம், "மாத்துங்க மச்சான்" என்றான். அவர் தட்டை நீட்டினார். கருப்பம்மாள் அதை வாங்கிக்கொண்டு தன் தட்டைக் கொடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன், பத்துமலைக்காகச் சுங்காயில் போய் இதே பெண்ணுக்குத் தட்டு கொடுத்தபோது பாயில் உட்கார்ந்து மாற்றியவர் ஐயாவு. கருப்பம்மாள் பின்னால் பெண்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது தட்டின் கனம் கையில் இறங்கியதும், எதைக் கொடுக்கிறோம் என்பது உடம்பு முழுக்கத் தெரிந்தது.

நல்லம்மாளை அழைத்து வந்தார்கள். சதாசிவத்தின் அக்கா பூவை எடுத்தாள். தலைக்குக் கை போனதும் நல்லம்மாள் பின்வாங்கினாள். தட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. "ஏம்மா?" என்றாள் அந்த அக்கா. நல்லம்மாள் கருப்பம்மாளைத்தான் பார்த்தாள். பத்துமலை இறந்த பதினாறாம் நாள், இவள் தலையிலிருந்து பூவை எடுத்த பெண்களுக்கு நடுவில் கருப்பம்மாளும் நின்றிருந்தாள்.

கருப்பம்மாள் எழுந்து பூவை வாங்கினாள். "திரும்பு" என்றாள். நல்லம்மாள் திரும்பிக்கொண்டாள். பின்னலை ஒதுக்கி, ஊசியைக் குத்தி, இரண்டு பக்கமும் சரிபார்த்து வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தலைமேலேயே வைத்திருந்தாள்.

ஐயாவு அன்று பொழுது சாய்ந்து வந்தார். மேற்குப் பக்கத்துச் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாள் முழுக்க நடந்துகொண்டிருந்ததாக யாரோ சொன்னார்கள். கருப்பம்மாள் சாப்பாடு போட்டாள். நிச்சயத்துப் பாயசம் மிச்சம் இருந்தது. அதை அவருக்கு வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, வைக்காமல் விட்டாள்.

வைகாசியில் ஈப்போ கோயில் ஒன்றில் கல்யாணம் நடந்தது. நல்லம்மாள் புந்தோங்கிற்குப் போன பிறகு அடுத்த நிரைக்கு வேறு ஒரு பெண் வந்தாள். நன்றாகத்தான் வெட்டுவாள், ஓயாமல் பேசுவாள். பத்துமலையின் சட்டைகளில் இரண்டை நல்லம்மாள் கேட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மற்றவற்றைக் கருப்பம்மாள் நைந்துபோகும்வரை போட்டாள்.

எண்பத்து நாலில் நல்லம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கருப்பம்மாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நாள் இருந்து பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டாள். குழந்தையைக் கையில் வாங்கிய முதல் நாள், அந்தச் சின்ன முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருவம், மூக்கு, காது மடல். அதில் இருக்க வழியில்லாத ஒன்றைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடினாள். நல்லம்மாள் படுக்கையிலிருந்து அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சதாசிவம் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கருப்பம்மாளிடம் கேட்டாள்: "ரெண்டு பேருமே உங்களை அத்தைன்னுதான் கூப்பிடுறாங்க. நீங்க பொண்ணுக்கு அம்மாவா, பையனுக்கு அம்மாவா?"

"ஆமாலா" என்றாள் கருப்பம்மாள்.

அந்தப் பெண் புரியாமல் சிரித்தாள். கருப்பம்மாள் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் வைத்த ரசம் பொங்கிவிடும் என்று எழுந்து போனாள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது ஐயாவு கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தார். அவள் பையை இறக்கி வைத்தாள். கால் கழுவினாள். அடுப்புப் பற்றவைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் நல்லம்மாள் பெயரைச் சொன்னதில்லை. அவர்கள் வந்தால் பின்பக்கமாக இறங்கிப் போய்விடுவார். இப்போதும் கோழிக்கூண்டின் பக்கமே பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"புள்ள எப்படி இருக்கு?"

அவள் அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "நல்லா இருக்கு. அப்பன் ஜாடை" என்றாள்.

"ம்" என்றார் ஐயாவு. பிறகு குனிந்து, வெளியே நின்ற கடைசிக் கோழியை மெதுவாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.